அறியா நோயும் அறிந்த வழிகளும்: பெருந்தொற்றின் முதல் மாதங்கள் பற்றி யட்டவத்தப் பகுதியை முன்வைத்து ஒரு நோக்கு

கொள்ளைநோய்கள் பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் நோய் ஓய்ந்த பின்னரே எழுதப்படுகின்றன. எழுதுவோர் நோயின் பெயரையும், அது பரவிய வழியையும், இறந்தோர் தொகையையும் அறிந்தவராயிருப்பர். ஆனால் அந்நோயின் முதல் வாரங்களில் வாழ்ந்த மக்கள் இவற்றுள் எதனையும் அறிந்திலர். அறியாத நிலையிலேயே அவர்கள் அரிசி வாங்கினர். வேலைக்குப் போவதா இருப்பதா என முடிவு செய்தனர். இறந்தோருக்குரிய கடன்களையும் ஆற்றினர். பின்னர் கிடைத்த அறிவைக்கொண்டு முன்னர் நடந்தவற்றை அளக்கும்போது பொதுமக்கள் பேதைகளாகவே தோன்றுவர். அத்தோற்றம் எவ்வளவு தூரம் சரியானது என்பதை 2020ஆம் ஆண்டின் கொரோனாப் பெருந்தொற்றின் தொடக்ககாலத்தை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்தல் வேண்டும். அமெரிக்கப் பொருளியலறிஞர் பிராங் நைற் 1921இல் வெளியிட்ட நூலில் ஆபத்து என்பதனையும் நிச்சயமின்மை என்பதனையும் வேறுபடுத்திக் காட்டினார். நிகழக்கூடியவை எவை, அவை எந்த அளவில் நிகழும் என்று கணிக்கக்கூடிய நிலை ஆபத்து எனப்படும். அக்கணிப்புக்கே இடமில்லாத நிலை நிச்சயமின்மையாகும். மழைக்காலத்தில் மண்சரியும் என்பது மலைநாட்டாருக்குத் தெரிந்த ஆபத்து. எந்தச் சரிவில், எத்தனை நாள் மழைக்குப் பின் என்பதையும் அனுபவமுள்ளோர் ஓரளவு கூறிவிடுவர். ஆனால் 2020 மார்ச்சில் வந்தது அத்தகையதன்று. அண்டை வீட்டார் இருமினால் அதன் பொருள் யாது என்பதற்கே எவரிடமும் விடை இருக்கவில்லை.

மாத்தளை மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகளுள் ஒன்றாகிய யட்டவத்த, மிளகும் கொக்கோவும் பிற வாசனைத் திரவியங்களும் விளையும் மலைப்பாங்கான நாட்டுப்புறமாகும். சிங்களக் கிராமங்களும், முஸ்லிம் குடியிருப்புகளும், தோட்டத் தமிழரின் லயங்களும் இங்கு அருகருகே உள்ளன. மூவினத்தாரும் ஒரே சந்தைக்கு வருவர். ஒரே பஸ்ஸில் மாத்தளை நகருக்குச் செல்வர். ஆகவே, ஒரே நிச்சயமின்மை வெவ்வேறு வாழ்நிலையிலுள்ளோரை எவ்வாறு வெவ்வேறு வகையில் தாக்கிற்று என்பதைக் காண இப்பகுதி ஏற்றதொன்றாகும்.

நிகழ்ச்சிகளின் ஒழுங்கை ஈண்டுச் சுருக்கமாக நினைவுகூர்வோம். இலங்கையில் முதல் நோயாளியாக இனங்காணப்பட்டவர் சீனாவிலிருந்து வந்த பெண்ணொருவர். அது 2020 ஜனவரி 27ஆம் திகதியாகும். அவர் அங்கொடையில் சிகிச்சை பெற்றுக் குணமடைந்து சென்றார். அதன்பின் ஒரு மாதத்துக்கு மேலாக நாட்டில் அமைதி நிலவியது. மார்ச் இரண்டாம் வாரத்தில் இத்தாலியச் சுற்றுலாப் பயணிகளுடன் சென்ற வழிகாட்டி ஒருவருக்கு நோய் உறுதியாயிற்று. உலக சுகாதார நிறுவனம் மார்ச் 11ஆம் திகதி இதனைப் பெருந்தொற்று என அறிவித்தது. பாடசாலைகள் மூடப்பட்டன. மார்ச் 20ஆம் திகதி மாலை 6 மணிக்கு நாடளாவிய ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மார்ச் 28இல் முதலாவது மரணம் பதிவாயிற்று. ஜனவரியில் தொலைவிலிருந்த செய்தி, இரண்டு மாதங்களில் வீட்டு வாயிலுக்கு வந்துவிட்டது.

அறிஞர்தாமும் அப்போது அறியாதவை பல என்பது குறிப்பிடற்பாலது. நோயறிகுறி இல்லாதவரிடமிருந்தும் தொற்று பரவுமா, காற்றிலே எவ்வளவு தூரம் செல்லும் என்பன தெளிவாகவில்லை. சுகதேகிகள் முகக்கவசம் அணியத் தேவையில்லை என்று முதலிற் கூறிய உலக சுகாதார நிறுவனம், நோய் பரவும் இடங்களிற் பொதுமக்கள் அதனை அணிதல் நன்று என 2020 ஜூன் 5ஆம் திகதி அறிவுரையை மாற்றியது. புதிய சான்று கிடைக்கும்போது கருத்தை மாற்றிக்கொள்வது அறிவியலின் இயல்பு. ஆயினும், நேற்றுச் சொன்னதும் இன்று சொன்னதும் முரண்படுவதைக் கேட்கும் சாதாரண மனிதருக்கு அது அறிவு வளர்ச்சியாகத் தோன்றாது. யாரையும் நம்பவியலாது என்பதற்குச் சான்றாகவே தோன்றும்.

இந்நிலையில் மக்கள் மேற்கொண்ட வழிகளுள் முதலாவது, தம் கைக்கு எட்டியதை ஒழுங்கு செய்தலாகும். உண்டியின் நிச்சயமே முதல் நிச்சயம். பருப்பையும் தகரத்திலடைத்த மீனையும் தேடி மக்கள் கடைகளை முற்றுகையிட்டனர். அரசாங்கம் மார்ச் நடுப்பகுதியில் ஒரு கிலோ பருப்புக்கு 65 ரூபாவும் தகரமீனுக்கு 100 ரூபாவும் உச்ச விலையாக அறிவித்தது. அவ்விலையிற் சரக்குக் கிடைப்பது எளிதாயிருக்கவில்லை. ஊரடங்கு சில மணிநேரம் தளர்த்தப்பட்ட நாட்களில், எந்த நெருக்கத்தைத் தவிர்க்க ஊரடங்கு விதிக்கப்பட்டதோ அந்த நெருக்கமே சந்தைகளில் உண்டாயிற்று. இதனைப் பொறுப்பின்மை என்று பலர் கண்டித்தனர். அடுத்து எப்போது கடை திறக்கும் என்பது தெரியாதவர் இன்று திறந்த கடைக்கு ஓடுவது பொறுப்பின்மையன்று. அவருடைய நிலையில் அதுவே கணக்கு. தளர்த்தும் நாட்கள் முன்கூட்டியே உறுதியாகத் தெரிந்திருப்பின் நெரிசல் குறைந்திருக்கும் என்பது எமது கருத்து.

இவ்வழியும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. மாதச் சம்பளம் பெறுவோர் ஒரு மாதச் சாமானை வாங்கி அடுக்கலாம். நாட்கூலி பெறுவோர் ஒரு நாளைய கூலியால் ஒரு நாளைய நிச்சயத்தையே வாங்க முடியும். வருமானங்குறைந்த குடும்பங்களுக்கு ஏப்ரலிலும் மே மாதத்திலும் வழங்கப்பட்ட 5,000 ரூபாக் கொடுப்பனவு ஆறுதலாயிருந்ததேனும், பட்டியலிற் பெயர் உண்டா என்பது மற்றுமொரு நிச்சயமின்மையாயிற்று.

தோட்டங்களின் நிலை தனியாக நோக்கற்பாலது. பெருந்தோட்ட வேலைகளுக்கு ஊரடங்கிலிருந்து விலக்களிக்கப்பட்டது. வீட்டிலிருப்பதே பாதுகாப்பு என்று வானொலி கூறிய அதே வேளையில், தொழிலாளர் மலைக்குச் சென்றனர். 10 அடிக்கு 12 அடி அளவிலான பழைய லயக் காம்பராக்களில், பொதுக் குழாயில் நீர் பிடித்து வாழ்வோருக்கு இடைவெளி பேணுதல் என்னும் அறிவுரை பொருளற்றதாகவே பட்டது. கொழும்பிலே கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்த மலையக இளைஞர் பலர் ஊரடங்கினால் அங்கேயே அகப்பட்டுக்கொண்டனர். வருவதா இருப்பதா என்ற கேள்விக்கு விடை கூற எவருமிலர். வந்தாற் பெற்றோருக்கு நோய் வருமோ என்ற அச்சம், இருந்தாற் பட்டினி. நிச்சயமின்மை எல்லோரையும் சமமாகத் தாக்குவதில்லை என்பதை இவை உணர்த்துகின்றன.

இரண்டாவது வழி, அறியாத நோயை அறிந்த நோய்களின் வரிசையில் வைத்து நோக்குதலாகும். அம்மை கண்ட வீட்டின் வாயிலில் வேப்பிலை செருகுவதும், அவ்வீட்டுக்குப் பிறர் செல்லாதிருப்பதும், குணமடைந்தபின் தலைக்குத் தண்ணீர் வார்ப்பதும் தமிழர் வழக்கம். மாத்தளை முத்துமாரியம்மனை வழிபட்டு வாழும் மக்களுக்கு இது புதியதன்று. இவ்வழக்கத்தைச் சமயநோக்கில் மட்டும் காண்போர் அதனுள் அமைந்த செயல்முறையைக் காணத் தவறுவர். வேப்பிலை என்பது ஓர் அறிவித்தல்; வீட்டாரை இழிவுபடுத்தாமலே அவர்களை விலக்கிவைக்கும் முறை. 2020இல் வீட்டு வாயில்களில் வேப்பிலை தோன்றியதும், மஞ்சள்நீர் தெளிக்கப்பட்டதும் இப்பழக்கத்தின் தொடர்ச்சியே. மஞ்சள்நீர் வைரசை அழிக்கும் என்பதற்குச் சான்றில்லை. எனினும், வாயிலில் கைகழுவாமல் உள்ளே வரக்கூடாது என்ற புதிய கட்டளையைப் பழைய வழக்கம் எளிதில் ஏற்க வைத்தது.

கொத்தமல்லியும் இஞ்சியும், மரமஞ்சளும் அவ்வாறே அடுப்பேறின. இப்பழக்கத்திற் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமிருக்கவில்லை. மஞ்சள் விடயத்தில் ஒரு விந்தை நேர்ந்தது. 2019 டிசெம்பரில் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அதனோடு நோயச்சத்தாலான தேவையும் சேரவே விலை பன்மடங்கு உயர்ந்தது. கடல் வழியாகக் கடத்தப்பட்ட மஞ்சள் கைப்பற்றப்படுவது அன்றாடச் செய்தியாயிற்று. வாசனைத் திரவியங்களுக்குப் பேர்போன மாத்தளையிலும் மஞ்சள் அரும்பொருளானது. நிச்சயமின்மை அங்காடியில் எவ்வாறு விலையாக மாறுகிறது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

வீட்டு வைத்தியத்துக்கும் அற்புத மருந்துக்கும் உள்ள வேறுபாட்டை மறத்தலாகாது. கொத்தமல்லிக் கசாயம் குடிப்பவர் அதனால் நோய் முற்றாக நீங்குமென்று உறுதி கூறுவதில்லை. செய்யக்கூடியதைச் செய்கிறார், அவ்வளவே. ஆனால் 2020 டிசெம்பரில் கேகாலையில் ஒருவர் தயாரித்த பாணியைப் பெற ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அங்கு விற்பனையானது உறுதி. நிச்சயமின்மை நீண்டு செல்லச் செல்ல, உறுதி கூறுவோருக்கு மதிப்பு மிகும். அவ்வுறுதிக்கு அதிகாரத்திலுள்ளோரும் துணைநின்றமை அதனை மேலும் வளர்த்தது.

மூன்றாவது வழி, செய்தியை எடைபோடுவதை விட்டுச் செய்தி சொல்பவரை எடைபோடுதலாகும். கைத்தொலைபேசியில் வந்த முரண்பட்ட தகவல்களைச் சோதிக்கும் வசதி எவருக்குமில்லை. ஆகவே மக்கள் தாம் முன்னரே அறிந்த ஆட்களை நாடினர்: பிள்ளைப்பேற்றுக் காலத்தில் வீடு தேடிவரும் குடும்பநல உத்தியோகத்தர், டெங்கு ஒழிப்புக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், கிராம உத்தியோகத்தர், தபாற்காரர். சிகிச்சை நிலையங்களுக்குச் செல்லவியலாத நீண்டகால நோயாளருக்குத் தபால் மூலம் மருந்து அனுப்பும் ஏற்பாடு செய்யப்பட்டபோது, அம்மருந்துப் பொதியோடு நம்பிக்கையும் வந்து சேர்ந்தது எனலாம். இலங்கையின் பொதுச் சுகாதார சேவை பல தசாப்தங்களாகத் தேடிவைத்த செல்வம் இந்நம்பிக்கையே.

நான்காவது வழி மிகக் கொடியது. காரணம் தெரியாத துன்பத்துக்கு ஒரு காரணகர்த்தாவைத் தேடுதலே அது. மார்ச் இறுதியில் கண்டி–மாத்தளை வீதியிலுள்ள அக்குறணை முற்றாக மூடப்பட்டது. அங்கு முஸ்லிம்கள் பெரும்பான்மையினர். ஊரை மூடியது சுகாதார நடவடிக்கை. ஆனால் மக்கள் வாயில் அது ஓர் இனத்தின் மீதான குற்றச்சாட்டாக உருமாறியது. 2018இல் திகனைக் கலவரத்தையும், 2019இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்விளைவுகளையும் கண்ட மலைநாட்டில் இவ்வுருமாற்றத்துக்கு நிலம் பண்பட்டிருந்தது.

இதற்கு அரசின் முடிவொன்றும் வலுச்சேர்த்தது. இறந்தோரைப் புதைத்தலும் எரித்தலும் ஏற்புடையனவே என உலக சுகாதார நிறுவனம் மார்ச் மாதத்திலேயே வழிகாட்டியிருந்தது. ஆயினும், 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி, இந்நோயால் இறந்தோரை எரித்தலைக் கட்டாயமாக்கிற்று. நிலத்தடி நீர் மாசுறலாம் என்ற ஐயமே காரணமாகக் காட்டப்பட்டது. ஐயத்தை ஐயமாக வைத்து ஆராயாமல் உறுதியென்று கொண்டமையால், பத்து மாதங்களுக்கு மேலாக முஸ்லிம் குடும்பங்களும், அடக்கத்தை விரும்பிய கிறிஸ்தவ குடும்பங்களும் தம் உறவினரைத் தம் முறைப்படி அனுப்பிவைக்க முடியாது தவித்தன. 2021 பெப்ரவரி இறுதியில் அவ்விதி நீக்கப்பட்டது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மஞ்சள்நீர் தெளித்த கிழவியின் தவறு எவரையும் புண்படுத்தவில்லை. இத்தவறு அவ்வாறானதன்று. அறியாமையை மறைத்து அதிகாரம் கூறும் உறுதி, மக்களின் மூடநம்பிக்கையிலும் பெருந்தீங்கு விளைக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

வரலாற்றுநோக்கில் இவை யாவும் முற்றிலும் புதியனவல்ல. மாத்தளைத் தமிழரின் முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மன்னார்க் கரையிலிறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்தபோது வாந்திபேதிக்குப் பலரைப் பலிகொடுத்தனர். பின்னர் மண்டபம் முகாமிலே தடுத்துவைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்ட பின்னரே கப்பலேறினர். தனிமைப்படுத்தல் என்னும் சொல் புதிதாயினும், அவ்வனுபவம் இம்மக்களுக்குப் புதிதன்று. 1934–35ஆம் ஆண்டு மலேரியா ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றபோது, மழை பொய்த்து ஆறுகள் தேங்கிய குட்டைகளிற் பெருகிய நுளம்பே காரணம் என்பதை அறிஞர் அறிந்திருந்தனர். ஆயினும், பசியால் மெலிந்த கிராமத்தவருக்கு நோயும் பஞ்சமும் ஒன்றாகவே தோன்றின. அவர்கள் கருத்தில் உண்மையும் இருந்தது. உணவு குன்றிய உடலே முதலில் வீழ்ந்தது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, நிச்சயமின்மையில் மக்கள் அறிவிழந்து நடந்தனர் என்ற கூற்று பொருந்தாது. சேமித்தல், பழையதோடு ஒப்பிடுதல், நம்பத்தக்கவரை நாடுதல் ஆகிய மூன்றும் அறிவின் வழிகளே. நான்காவதாகிய பழிசுமத்தலோ, ஏனைய மூன்றும் அடைபட்ட இடத்திற் பெருகுவது. ஆதலால், இன்னொரு நோய் வருமுன் செய்யத்தக்கவை மூன்று. தெரிந்தது இது, தெரியாதது இது, மீண்டும் கூறுவது இன்ன நாளில் என்று அதிகாரிகள் வெளிப்படையாக உரைத்தல் ஒன்று. அதனைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே வேளையில் உரைத்தல் மற்றொன்று. நாட்கூலி பெறுவோருக்கும் லயங்களில் வாழ்வோருக்கும் உணவும் இடமும் உறுதிசெய்தல் மூன்றாவது.

தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் அரசை மக்கள் இகழ்வர் என்ற அச்சம் ஆட்சியாளரிடம் உண்டு. யட்டவத்தவின் சந்தைக்கு வரும் மக்கள், மழை எப்போது வரும் என்பது தெரியாமலே விதைப்பவர்கள். மிளகின் விலை நாளை என்னவாகும் என்பது தெரியாமலே அறுவடை செய்பவர்கள். தெரியாமையோடு வாழ அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. உண்மையைச் சொல்லி அவர்களை நம்பினால் அதுவே போதும்.