நெஞ்சில் ஊமைக்காயம்: எலும்பைவிட மூச்சைப் பாருங்கள்

கீரமங்கலம் பக்கத்தில் நெஞ்சில் அடிபடுவதற்கு வழிகள் நிறையவே உண்டு. விடியும் முன்பே பூ மூட்டையோடு கமிஷன் கடைக்கு விரையும் பைக்குகள், தேங்காய் வெட்ட ஏறும் தென்னைகள், பலா மரங்கள், வரப்பில் கவிழும் டிராக்டர் என்று ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்று. தை பிறந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க ஜல்லிக்கட்டு வாடிவாசல்கள் திறக்கின்றன. மாடு கொம்பால் குத்தினால் எல்லோரும் பதறுகிறோம். நெற்றியால் முட்டித் தள்ளினால் மட்டும், "ரத்தம் வரல, ஒண்ணுமில்ல" என்று ஒரு சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிடுகிறோம். இந்த "ஒண்ணுமில்ல"தான் எனக்குப் பெரிய கவலை.

விலாவுக்குள் நடப்பது

நமக்கு 12 ஜோடி விலா எலும்புகள். ஒன்று விரிசல் விட்டால் கடுமையாக வலிக்கும். ஆனாலும் தானாகக் கூடிவிடும். அடுத்தடுத்த மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட விலாக்கள், ஒவ்வொன்றும் இரண்டு இடங்களில் ஒடிந்தால் கதை வேறு. நெஞ்சுச் சுவரில் ஒரு துண்டு தனியாகக் கழன்றுவிடுகிறது. மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரிய வேண்டும். அந்தத் துண்டு மட்டும் உள்ளே போகும். மூச்சை விடும்போது வெளியே தள்ளும். சட்டையைக் கழற்றிவிட்டு, வெளிச்சத்தில் நெஞ்சு ஏறி இறங்குவதைக் கவனித்தால் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

ஆனால் உயிருக்கு வரும் ஆபத்தில் பெரும்பங்கு இந்த ஆட்டத்தால் வருவதில்லை. அடியின் வேகம் எலும்பைத் தாண்டி நுரையீரலை நசுக்கியிருக்கும். கன்றிப்போன நுரையீரலில் ரத்தமும் நீரும் ஊறி, பிராணவாயு ரத்தத்தில் கலக்க முடியாமல் போகிறது. இது அடிபட்ட உடனே முழுதாகத் தெரியாது. முதல் 24 முதல் 48 மணி நேரத்தில்தான் மோசமாகும். காலையில் நடந்து வந்தவர் மறுநாள் இரவு மூச்சுக்குத் தவிப்பது இதனால்தான்.

ஒடிந்த விலாவின் முனை நுரையீரலைக் கிழித்தால், நெஞ்சுக்கூட்டுக்குள் காற்றோ ரத்தமோ சேரும். உள்ளே போகும் காற்று வெளியேற முடியாமல் அழுத்தம் ஏறினால், சில நிமிடங்களிலேயே இதயம் நின்றுவிடக்கூடும். வலப்பக்கக் கீழ் விலாக்கள் ஒடிந்திருந்தால் கல்லீரலையும், இடப்பக்கம் என்றால் மண்ணீரலையும் சோதிக்க வேண்டும்.

இறுக்கிக் கட்டாதீர்கள்

துண்டையோ வேட்டியையோ கிழித்து நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டுவதும், எலும்பு வைத்தியரிடம் போய் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவதும் இன்னும் நடக்கிறது. கை காலுக்குக் கட்டு வேண்டும், நெஞ்சுக்குக் கூடாது. ஏற்கெனவே வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுகிறவரின் நெஞ்சை இன்னும் சுருக்கிவிடுகிறோம். இருமல் வராது, சளி தேங்கும், சில நாளில் நிமோனியா வந்து நிற்கும். ஒரு காலத்தில் மருத்துவமனைகளே பிளாஸ்திரி ஒட்டி இறுக்கியவைதான். இந்தக் காரணத்தால்தான் கைவிட்டன.

மரத்திலிருந்து விழுந்தவரை பைக்கில் நடுவே உட்காரவைத்துக் கொண்டுபோவதும் வேண்டாம். முதுகெலும்பும் முறிந்திருக்கலாம். பலர் சேர்ந்து ஒரே சமயத்தில் தூக்கி, பலகையில் நேராகக் கிடத்தி, 108-ஐக் கூப்பிடுங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் குடிக்க எதுவும் தர வேண்டாம்.

வலியை அடக்குவதே பாதி வைத்தியம்

மருத்துவமனையில் முதல் வேலை பிராணவாயு கொடுப்பதும், உள்ளே காற்றோ ரத்தமோ சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும். சேர்ந்திருந்தால் விலா இடுக்கு வழியாகக் குழாய் விட்டு வடிப்பார்கள். வைத்த உடனே சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் வந்தால் நெஞ்சைத் திறக்க வேண்டிய நிலை. சாதாரண எக்ஸ்ரேயில் விலா முறிவுகள் பல தப்பிவிடும். அடி பலமென்றால் சி.டி. ஸ்கேன் வேண்டும். மார்பு நடு எலும்பில் அடி என்றால் இ.சி.ஜி.யும் எடுப்பார்கள்.

அடுத்தது வலி. மாத்திரை, ஊசி போதாதபோது, முதுகுத்தண்டை ஒட்டியோ விலா நரம்புகளைச் சுற்றியோ மரத்துப்போகும் மருந்தை மெல்லிய குழாய் வழியாகத் தொடர்ந்து செலுத்துவார்கள். வலி அடங்கினால்தான் நோயாளி ஆழமாக மூச்சிழுப்பார், இருமுவார், எழுந்து நடப்பார். "வலி மருந்து அதிகம் வேண்டாம் டாக்டர், பொறுத்துக்குவாரு" என்று சொல்லும் உறவினர்களிடம் நான் கெஞ்சிக் கேட்கிறேன்: இந்தக் காயத்தில் வலியைப் பொறுத்துக்கொள்வது வீரமில்லை, ஆபத்து.

வயதானவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். 65 வயதைக் கடந்தவர்களைப் பற்றி 2000-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, கூடுதலாக முறியும் ஒவ்வொரு விலாவுக்கும் இறப்பு அபாயம் 19 சதவீதமும் நிமோனியா அபாயம் 27 சதவீதமும் கூடுவதாகச் சொன்னது.

வென்டிலேட்டரும் தகடும்

1950-களின் நடுவில், நெஞ்சுச் சுவர் கழன்றவர்களுக்கு வென்டிலேட்டர் வழியாக உள்ளிருந்தே காற்றால் தாங்கு கொடுக்கும் முறை வந்தது. அது பலரைக் காப்பாற்றியது. ஆனால் எல்லோருக்குமே அதைப் பொருத்தும் வழக்கமும் கூடவே வந்துவிட்டது. 1975-இல் அமெரிக்க மருத்துவர் டிரிங்கிளும் அவர் குழுவினரும், பலருக்கு வென்டிலேட்டரே தேவையில்லை, நுரையீரலைக் கவனித்து வலியை அடக்கினால் போதும் என்று காட்டினார்கள். இன்று மூச்சு தாக்குப்பிடிக்காதவர்களுக்கே அது.

டைட்டானியம் தகடு வைத்து விலாக்களை நேராக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு. 2002-இல் ஜப்பானில், வென்டிலேட்டரில் இருந்த 37 பேரை இரு பிரிவாக்கிப் பார்த்தபோது, அறுவை செய்யப்பட்டவர்கள் சராசரியாக 11 நாளிலும் மற்றவர்கள் 18 நாளிலும் அதிலிருந்து மீண்டார்கள். சிறிய ஆய்வுதான், பின்னர் வந்தவையும் பெரும்பாலும் அதே திசையைக் காட்டின. நெஞ்சுச் சுவர் கழன்றவர்களுக்கு முதல் சில நாட்களுக்குள் செய்தால் பலன் கூடுதல். ஒன்றிரண்டு விலா ஒடிந்தவர்களுக்குத் தகடு பெரும்பாலும் தேவைப்படாது.

எங்கே போவது

மூச்சுத் திணறல், உதட்டில் நீலம், இருமலில் ரத்தம், தோலை அழுத்தினால் நறநறவென்ற உணர்வு, இவற்றில் ஒன்று இருந்தாலும் உள்ளூரில் நேரம் கடத்தக் கூடாது. புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி 2017-இல் தொடங்கிவிட்டது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி அதற்கும் மூத்தது. சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமில்லை. காப்பீட்டு அட்டை இல்லாதவர்களுக்கும் வெளிமாநிலத்தவருக்கும் இது உண்டு. மரத்திலிருந்து விழுந்தவர்களுக்கும் மாடு முட்டியவர்களுக்கும் இது பொருந்தாது. அவர்கள் நேராக அரசு மருத்துவமனைக்குப் போவது நல்லது.

வீட்டுக்கு வந்த பிறகு

மூன்று பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியைக் கொடுத்து அனுப்புவார்கள். அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தடவை சில முறை செய்யுங்கள். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் வலி குறையும். பீடி, சிகரெட் அறவே கூடாது. எலும்பு கூட ஆறு வாரத்துக்கு மேல் ஆகும். வலி சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். அதுவரை தென்னை ஏறுவதும் மூட்டை தூக்குவதும் வேண்டாம். காய்ச்சல், மஞ்சளாகவோ பச்சையாகவோ சளி, படுத்தால் கூடும் மூச்சிரைப்பு வந்தால், மறுபரிசோதனைக்குக் குறித்துக் கொடுத்த தேதி வரை காத்திருக்காமல் அன்றே கிளம்பிவிடுங்கள்.