அணிவகுப்பும் பாடநூலும்

லிங்கராஜபுரத்து நம் இல்லங்களில், விடியுமுன் காக்கி உடுத்துக் கல்லூரிக்குப் புறப்படும் பிள்ளைகளைக் கண்டு, "படிப்பு கெடாதோ?" என நாம் கலங்குகிறோம். அவ்வச்சம் முற்றும் வீணன்று.

1948இல் தோன்றிய தேசிய மாணவர் படையில் 'சி' சான்றிதழ் பெற்ற பட்டதாரிகள், யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வின்றியே இராணுவத் தேர்வு வாரியத்தின் முன் செல்லலாம். அங்குத் தேறுவோர்க்குச் சென்னைப் பரங்கிமலையில் 1963இல் நிறுவப்பெற்ற அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் இடமுண்டு; பெண்மக்களுக்கும் இவ்வழி திறந்துள்ளது. எனினும் அச்சான்றிதழ் மட்டும் போதாது. பட்டப்படிப்பில் 50 விழுக்காடு மதிப்பெண்ணும் வேண்டும்.

ஆதலின், முகாமில் கழிந்த நாட்களின் பாடங்களைத் தோழரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுமாறு பிள்ளைகளைத் தூண்டுவோம். வைகறையில் காப்பி கலந்து கொடுத்து அனுப்புவது நம் கடமை. மாலையில் நூலை விரிக்கின்றனரா என நோக்குவதும் நம் கடமையே.