புளிப்புக்கு ஓர் ஆள், காரத்துக்கு ஓர் ஆள்

நம் ஊர் பஃபே உணவகங்களில் 'கேஜுன் உருளைக்கிழங்கு' என்றொரு பண்டம் வைப்பார்கள். சின்ன உருளைக்கிழங்கை வேகவைத்து, நசுக்கிப் பொரித்து, மயோனைஸில் மசாலா கலந்து மேலே ஊற்றித் தருவது. ருசிக்குக் குறைவில்லை. ஆனால் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக்காரர் ஒருவரிடம் அதை நீட்டினால், லண்டன் கடையில் 'மெட்ராஸ் கறிப்பொடி' டப்பாவைப் பார்த்த தமிழரைப் போல விழிப்பார். 1979இல் நியூ ஆர்லியன்ஸில் கடை திறந்த பால் புருடோம் என்ற சமையல்காரர், மீனை வெண்ணெயில் தோய்த்து, மசாலா தூவி, புகையக் காய்ந்த இரும்புச் சட்டியில் கருக்கி எடுத்துப் புகழ்பெற்றார். அந்தக் கேஜுன் மசாலாவின் செந்தூள் மட்டும் உலகம் சுற்றியது. சமையல் ஊரிலேயே தங்கிவிட்டது.

தன் மாநிலத்தின் அசல் கேஜுன், கிரியோல் சாப்பாடு வெளியூரில் எங்கே கிடைக்கும் என்று அந்த லூசியானாக்காரர் கேட்டால், நான் ஓட்டல் பெயர் எதுவும் சொல்ல மாட்டேன். கொச்சியில் பள்ளுருத்தி தாண்டி இடக்கொச்சிப் பக்கம் போய்ப் பாருங்கள் என்பேன். சாப்பிட அல்ல, முதலில் வயலைப் பார்க்க.

இடக்கொச்சி, கும்பளங்கி, செல்லானம் என்று காயலும் கடலும் நெருக்கிப் பிடித்திருக்கும் அந்தப் பகுதியின் சதுப்பு வயல்களில் விளைவது பொக்காளி நெல். உப்பு மண்ணில் நெல் வராது என்பது பொது விதி; பொக்காளி அதற்கு விலக்கு. ஜூனில் மழை பிடித்துக் கொட்டத் தொடங்கியதும், வயலில் குவித்து வைத்த சிறு மண்மேடுகளிலிருந்து உப்பு கரைந்து ஓடிவிடும். முளைகட்டிய விதையை அந்த மேடுகளில் இடுவார்கள். பிறகு தண்ணீர் எவ்வளவு ஏறினாலும், ஆள் உயரத்துக்கு வளரும் இந்த நெல் தலையை வெளியே வைத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் உப்பைச் சமாளிக்கும் திறன் அதன் மரபணுவிலேயே இருக்கிறது. முதலாம் குரோமோசோமில் 'சால்டோல்' என்று பெயரிடப்பட்ட ஒரு பகுதி, தண்டிலும் இலையிலும் சோடியம் மிகாமல், பொட்டாசியத்தோடு அளவாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறது. உலகெங்கும் உவர்நிலத்துக்கான நெல் ரகங்களை உருவாக்குபவர்கள் பெரும்பாலும் பொக்காளியிலிருந்துதான் அந்தத் துண்டை எடுத்துச் சேர்க்கிறார்கள்.

அக்டோபர், நவம்பரில் அறுவடை. கதிரை மட்டும் அறுத்துக்கொண்டு தாளை அப்படியே விட்டுவிடுவார்கள். அதன்பின் மதகைத் திறந்து உப்புத் தண்ணீரை உள்ளே விடுவது. கடல் ஏற்றத்தோடு இறால் குஞ்சுகள் வந்து சேரும். இரவில் மதகடியில் விளக்கு வைத்து அவற்றை இழுப்பதும் உண்டு. அழுகும் தாளில் நுண்ணுயிர்கள் பெருக, அதைத் தின்று இறால் கொழுக்கும். ஏப்ரல் நடுவில் இறால் பிடிப்பு முடியும்போது, அதன் கழிவு அடுத்த நெல்லுக்கு எருவாகக் கிடக்கும். உரமும் இல்லை, தீவனமும் இல்லை.

இதே கணக்கை லூசியானாவிலும் போட்டிருக்கிறார்கள். அங்கே இறாலுக்குப் பதில் நன்னீர்க் கல்லிறால், அவர்கள் வழக்கில் கிராஃபிஷ். நெல் அறுத்த வயலில் இலையுதிர் காலத்தில் தண்ணீரைத் தேக்கினால், மண்ணுக்குள் பொந்து தோண்டி முட்டையும் குஞ்சுமாகக் கிடந்த கல்லிறால்கள் வெளியே வரும். தாள் அழுகும், அதில் வளரும் நுண்ணுயிர்களைத் தின்று கொழுக்கும். இளவேனிலில் பொறி வைத்துப் பிடித்து, சோளத்தோடும் உருளைக்கிழங்கோடும் வேகவைத்து, மேசையில் கொட்டிச் சாப்பிடுவார்கள். இரண்டு ஊர்களும் ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றவை அல்ல. தாழ்ந்த நிலம், மிகுந்த தண்ணீர், நெல், ஓடுள்ள உயிரி என்று கையில் இருந்தது ஒன்றாக இருந்ததால், விடையும் ஒன்றாக வந்தது.

கேஜுன் மக்களே வெளியூரில் சொந்தச் சாப்பாட்டைத் தேடியவர்கள்தான். இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சு விவசாயிகளை 1755 முதல் ஆங்கிலேயர் துரத்தினார்கள். அவர்களில் ஒரு சாரார் 1760களில் லூசியானா சதுப்புக்கு வந்து சேர்ந்து கேஜுன் மக்கள் ஆனார்கள். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் பிரெஞ்சு, ஸ்பானியக் குடியேறிகளும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களும், அந்த மண்ணின் பழங்குடிகளும் கலந்து உருவானது கிரியோல் சமையல். பிரெஞ்சுக்காரர் தாளிப்புக்கு வெங்காயம், செலரி, கேரட் போடுவார்கள். லூசியானாவில் கேரட் போய்க் குடைமிளகாய் வந்தது. இப்படி ஒவ்வொரு வேலைக்கும் உள்ளூரில் ஓர் ஆளைப் பிடித்ததுதான் அந்தச் சமையலின் வரலாறு.

கொச்சியிலும் அப்படியே நடந்தது. போர்ச்சுகீசியர் 1500இல் வந்தார்கள், 1503இல் கோட்டை கட்டினார்கள், 1663இல் டச்சுக்காரரிடம் தோற்றுப் போனார்கள். அவர்கள் வழியாகப் பிறந்த கலப்பு மொழியைப் பேசத் தெரிந்த கடைசி மனிதர் வைப்பினில் 2010இல் இறந்தார். அடுப்பு மட்டும் அணையவில்லை. விண்டாலு இன்றும் வேகிறது.

விண்டாலுவின் மூலம், மாமிசத்தைத் திராட்சை மதுவிலும் பூண்டிலும் ஊறவைக்கும் போர்ச்சுகீசியப் பழக்கம். குளிர்சாதனம் இல்லாத கப்பலில் பன்றி இறைச்சி கெடாமல் இருக்க அது வழி. மலபாரில் திராட்சைக்கு எங்கே போவது? தென்னை இருந்தது. பாளையிலிருந்து சொட்டும்போது தித்திப்பாக இருக்கும் பதநீரை, சில மணி நேரத்தில் ஈஸ்ட் சாராயமாக்கத் தொடங்கும், அதுதான் கள். அதைக் காற்றுப்பட விட்டால் அசிட்டோபாக்டர் வகை பாக்டீரியா வந்து, ஆக்சிஜனைக் கொண்டு சாராயத்தை அசிட்டிக் அமிலமாக மாற்றும். கேரளத்தில் வினாகிரி என்று சொல்லும் வினிகர் அதுவே. அசிட்டிக் அமில மூலக்கூறுக்குத் தான் பிறந்தது திராட்சையிலா தென்னையிலா என்று தெரியாது. புளித்த ஊடகத்தில் அது மின்னூட்டம் இல்லாமல் இருப்பதால், கிருமியின் கொழுப்புச் சவ்வைத் தாண்டி உள்ளே நுழைந்துவிடும். நுழைந்ததும் பிரிந்து ஹைட்ரஜன் அயனியை விடுவிக்கும். உள்ளே அமிலம் ஏற, கிருமி அதை வெளியேற்றியே களைத்துச் சாகும். லிஸ்பனில் செய்த வேலையைக் கள்ளு வினிகர் கொச்சியில் பிசகில்லாமல் செய்தது.

காரத்தின் கதை இதைவிட வேடிக்கை. மிளகு தேடி வந்தவர்கள் மிளகாயைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மட்டாஞ்சேரி கிடங்குகளில் மிளகு மூட்டை மூட்டையாகக் கிடந்த ஊரில், அமெரிக்கக் கண்டத்துச் செடி ஒன்று சமையலறையைப் பிடித்துக்கொண்டது. நாக்கு ஏன் எதிர்க்கவில்லை? 1997இல் விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு அதற்கான விடையைக் கண்டது. நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்ற ஒரு புரதக் கதவு இருக்கிறது. உண்மையில் அது 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணர்வதற்கானது. மிளகாயின் கேப்சைசின் அதே கதவைத் திறந்துவிடுவதால் மூளை 'சுடுகிறது' என்று நம்பிவிடுகிறது. இதற்காக ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மிளகின் பைப்பரினும் திறப்பது அந்தக் கதவைத்தான். ஆனால் அதன் உறைப்பு கேப்சைசினில் நூறில் ஒரு பங்கு அளவே. மிளகுக் கொடிக்கு மலைச்சாரலும் மழையும் நிழலும் வேண்டும். மிளகாய் கொல்லையில் வரும். ஏற்றுமதிச் சரக்கைக் குழம்பில் கொட்ட யாருக்கு மனம் வரும்?

இங்கே லூசியானாக்காரருக்கு ஒரு நற்செய்தி. அவர் ஊரில் ஏவரி தீவில் 1868 முதல் தயாராகும் டபாஸ்கோ சாஸின் மிளகாய், தாவரவியலில் கேப்சிகம் ஃப்ரூட்டசன்ஸ் என்ற இனம். கேரளத்து வீட்டுக் கொல்லையில் வானத்தைப் பார்த்து நிற்கும் காந்தாரி மிளகாயும் அதே இனம். அவர்கள் உப்பிட்டு மரப்பீப்பாயில் நாள்பட ஊறவைத்து வினிகர் சேர்க்கிறார்கள். இவர்கள் ஜாடியில் உப்பும் வினிகரும் விட்டு ஊறவைக்கிறார்கள். சீசாவின் வடிவம் மட்டும் வராது.

கம்போ என்னும் அவர்களது குழம்புக்கு, மாவை எண்ணெயில் சாக்லேட் நிறம் வரும்வரை கிளறிக்கொண்டே வறுப்பது அடித்தளம். அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் கூடி நூற்றுக்கணக்கான வாசனைச் சேர்மங்களை உண்டாக்கும் மெயார் வினை அது. கேரளத்தில் தீயலுக்குத் தேங்காயை அதே நிறத்துக்கு வறுத்து அரைக்கிறார்கள். அதே வினை, அதே கைவலி. புகையூட்டிய தொத்திறைச்சி இல்லாமல் கம்போ உண்டா என்பார் லூசியானாக்காரர். குடம்புளி இருக்கிறது. வெயிலில் உலர்த்திப் பிறகு புகைமேல் வைத்துக் கறுப்பாக்குவதால், விறகின் லிக்னின் எரிந்து வரும் குவையகால் போன்ற பொருள்கள் அந்தத் தோலில் படிந்திருக்கும். தொத்திறைச்சியின் புகைமணத்துக்கும் அவையே காரணம். என்றாலும் இதைச் சரியான மாற்று என்று சொல்ல எனக்கே துணிவில்லை. கூடவே வரும் புளிப்பை என்ன செய்வது?

  

எல்லா வேலைக்கும் மாற்று ஆள் கிடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புளிப்பும் காரமும் வாய் உணர்பவை. அவற்றுக்கான வாயில்கள் சில. வாசனைக்கு மூக்கில் ஏறத்தாழ நானூறு வகை ஏற்பிகள். மென்று விழுங்கும்போது தொண்டை வழியாக மேலே ஏறும் ஆவியைத்தான் பெரும்பாலும் நாம் 'ருசி' என்கிறோம். கறிவேப்பிலையின் அடையாள மணம், அதிலிருக்கும் மிகச் சிறிதளவு கந்தகச் சேர்மம் ஒன்றைச் சார்ந்தது. இலை காய்ந்தால் மணம் போய்விடும். கொச்சி யூதர்கள் 1950களில் இஸ்ரேலுக்குப் பெயர்ந்தபோது ஒரு வசதி இருந்தது: பாலையும் இறைச்சியையும் சேர்க்கக் கூடாது என்ற அவர்களது சமய விதியைத் தேங்காய்ப்பால் எப்போதோ தீர்த்துவைத்திருந்தது, அதைத் தகரத்தில் அடைத்தும் வாங்கலாம். கறிவேப்பிலையை அப்படி அடைக்க முடியாது. டொராண்டோவில் ஈழத் தமிழர்கள் பனிக்காலம் வந்ததும் கறிவேப்பிலைத் தொட்டியை வீட்டுக்குள் தூக்கி வைப்பதற்கு இந்தக் கந்தகச் சேர்மமே காரணம். லூசியானாக்காரருக்கு அந்த இடத்தில் நிற்பது சாசஃப்ராஸ் என்ற மரத்தின் இலைப்பொடி. சோக்டா பழங்குடிகளிடம் கற்றது. குழம்பைக் கெட்டியாக்கி, மணமும் தரும். இடக்கொச்சியில் அந்த மரம் இல்லை.

ஆனால் கம்போவைக் கெட்டியாக்க அவர்களிடம் இன்னொரு வழியும் உண்டு, ஆப்பிரிக்கர்கள் தந்தது: வெண்டைக்காய். அதன் கொழகொழப்பு நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது; வேகவேக அவை தண்ணீரைப் பிடித்துக்கொண்டு குழம்பைத் திரட்டும். எனவே பொக்காளி வயல் இறால், காயல் நண்டு, காந்தாரி, குடைமிளகாய், சாக்லேட் நிறத்துக்கு வறுத்த மாவு, ஒரு கிலோ வெண்டைக்காய் என்று வாங்கி அடுப்பேற்றினால் கம்போ வந்துவிடும். பக்கத்தில் பொக்காளிச் சோறு. ஒன்றில் மட்டும் அவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வெண்டைக்காய் கொழகொழப்பதைப் பார்த்ததும், பக்கத்து வீட்டு அம்மச்சி இரக்கப்பட்டு ஒரு கை புளியைக் கரைத்து ஊற்ற வருவார். தடுக்க வேண்டும்.