பாம்புக்கடிக்கு ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வருவது ஏன்?

பாம்பு கடித்தவர் விஷமுறிவு ஊசியால் பிழைத்து வீடு திரும்பிவிட்டார். ஒரு வாரம், பத்து நாள் கழித்துத் திடீரெனக் காய்ச்சல், தோலில் தடிப்பு, மூட்டுவலி. விஷம் மிச்சமிருக்கிறதா?

இல்லை.

அந்த மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த புரதம். நம் உடலுக்கு அது அந்நியம். அதைப் பிடிக்கும் எதிர்ப்பொருளோ கடையில் தொங்கும் ரெடிமேட் சட்டை அல்ல. தையல்காரர் அளவெடுத்து, வெட்டி, தைத்துத் தர வேண்டும். அதற்குத்தான் அந்த ஒரு வாரம்.

தைத்து முடிக்கும்போதும் குதிரைப் புரதம் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்தால்? இரண்டும் ஒட்டிக்கொண்டு, நுண்ணிய ரத்தக்குழாய்ச் சுவர்களிலும் மூட்டுகளிலும் படிகின்றன. அங்கே கிளம்பும் அழற்சிதான் வலியும் தடிப்பும்.

வியன்னாவில் குழந்தைகளுக்குக் குதிரைச் சீரம் போட்டுவந்த பீர்க்கே, ஷிக் என்ற இரு மருத்துவர்கள் 1905இல் இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்கள். இரண்டாம் முறை சீரம் போட்டால் தொல்லை சீக்கிரமே வந்துவிடுவதையும் கவனித்தார்கள். அளவுதான் ஏற்கெனவே தையல்காரரின் நோட்டில் இருக்கிறதே!

செஃபாக்ளோர் போன்ற சில ஆன்டிபயாடிக்குகளும் குழந்தைகளுக்கு இதே மாதிரி தொல்லை தரலாம். பெரும்பாலும் மருந்தை நிறுத்தினால் அடங்கிவிடும். எதற்கும் மருத்துவரிடம் போகும்போது, போன வாரம் போட்ட ஊசியையும் மாத்திரையையும் சொல்லிவிடுங்கள். அவர் டெங்குவைத் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.