கையில் ஸ்பேனர் – 17: ப்ளோயர் செய்த குற்றம் என்ன?

சென்ற வாரம் பேட்டரி டெர்மினலில் பூத்த பொடியைச் சுரண்டிக்கொண்டிருந்தோம். இந்த வாரம் காருக்குள் ஏறி, இடது சீட்டுக்கு முன்னால் கால் வைக்கிற இடத்தில் தலையை வைத்துப் படுக்கப்போகிறோம். ஏ.சி. காற்றை நம் முகத்துக்குத் தள்ளுகிற ப்ளோயர் மோட்டார் பெரும்பாலான சின்ன கார்களில் அங்கேதான், குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.

சென்னையில் மே மாதம் காற்று நின்றுபோனால் யாரும் "ப்ளோயர் போச்சு" என்று சொல்வதில்லை. "ஏ.சி. போச்சு" என்பார்கள். ஒர்க் ஷாப்பிலும் அப்படியே சொல்வார்கள். "காஸ் கம்மியா இருக்கும் சார், ஏத்திப் பார்த்துடலாம்" என்று பதில் வரும். எங்கள் குடியிருப்பில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவருக்கு இதுதான் நடந்தது. காஸ் ஏற்றினார், பணம் கட்டினார், காற்று வரவில்லை. எப்படி வரும்? கம்ப்ரஸர், கண்டன்ஸர், கூலிங் காயில் என்று சுற்றிவருகிற காஸ், காயிலைக் குளிரவைப்பதோடு சரி. அந்தக் குளிர்ச்சியை அள்ளிக்கொண்டு வந்து நம்மிடம் சேர்ப்பது 12 வோல்ட்டில் சுற்றுகிற ஒரு விசிறி. காற்று வந்தும் குளிரவில்லையா, காஸ் பக்கம் பாருங்கள். காற்றே வரவில்லையா, ஒயர் பக்கம் பாருங்கள். இடையில் ஒரே ஒரு குழப்பம் உண்டு. காயிலில் பனி உறைந்து அடைத்துக்கொண்டால் விசிறி சுற்றும் சத்தம் கேட்கும், காற்று மட்டும் வராது. ஏ.சி.யை அணைத்துவிட்டு வெறும் விசிறியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் பனி உருகி வழி விட்டுவிடும்.

இந்த வேலையை நீங்களே செய்யலாம் என்று நான் தைரியமாகச் சொல்வதற்குக் காரணமும் இதுதான். ப்ளோயரைக் கழற்றி மாட்ட ஆர்-134ஏ காஸ் ஓடும் குழாய் ஒன்றையும் தொட வேண்டியதில்லை. காஸ் குழாயைக் கழற்றும் வேலை என்றால் இந்தத் தொடரில் அதை எழுதியே இருக்க மாட்டேன்.

ஹீட்டருக்கும் இதே விசிறிதான். நம்மூரில் அந்தச் சிவப்புக் குமிழை யார் தொடுகிறார்கள் என்று கேட்கலாம். ஊட்டி மலைப்பாதையில் மழை பிடித்துக்கொண்டு முன்கண்ணாடி உள்பக்கம் புகை படிந்ததுபோல் மங்கும்போது, அதைத் தெளியவைப்பது இந்த விசிறிதான். இன்ஜின் சூடு ஏறி முள் சிவப்பைத் தொடும்போது, ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுக்கத் திருப்பி, ப்ளோயரை நாலில் வைத்துக்கொண்டு ஓரங்கட்டச் சொல்வார்கள் பழைய டிரைவர்கள். கூலன்ட்டின் சூட்டில் ஒரு பங்கை காருக்குள் இறக்கிவிடும் உபாயம் அது. வேர்த்துக் கொட்டும், ஆனால் இன்ஜின் பிழைக்கும். ப்ளோயர் ஓடாவிட்டால் அந்த வழியும் இல்லை.

வங்கிக்காரரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "முழுசா நிக்கறதுக்கு முன்னாடி எப்படி இருந்தது சார்?"

"அது ரொம்ப நாளாவே நாலாம் நம்பர்ல மட்டும்தான் தம்பி வந்துக்கிட்டிருந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு எதுலயும் வராது. நாலுல வருதே, போதும்னு விட்டுட்டேன்."

பாதி வழக்கு இந்த பதிலிலேயே முடிந்துவிட்டது. கையால் திருகுகிற குமிழ் உள்ள கார்களில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது ரெசிஸ்டர் என்கிற ஒரு சின்னப் பொருள். ஒன்று, இரண்டு, மூன்றில் வைக்கும்போது மின்சாரம் அதன் வழியாக, பலம் குறைந்துதான் மோட்டாருக்குப் போகிறது. நாலில் வைத்தால் ரெசிஸ்டரைத் தொடாமல் நேரே போகிறது. ஆகவே நாலில் மட்டும் காற்று வந்தால் மோட்டார் நிரபராதி, ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது. எதிலுமே வரவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, கப்ளர், எர்த், கடைசியாக மோட்டார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். இதைத் தெரியாமல் முதல் வேலையாகப் புது மோட்டார் வாங்கி மாட்டிவிட்டு, "இன்னும் நாலுலதான் வருது" என்று தலையைச் சொறிகிறவர்கள் ஏராளம். ஆட்டோமேடிக் ஏ.சி. உள்ள கார்களில் ரெசிஸ்டருக்குப் பதில் ஒரு எலக்ட்ரானிக் மாட்யூல் இருக்கும்; அங்கே இந்த நாலாம் நம்பர் சோதனை செல்லாது.

ரெசிஸ்டர் ஏன் எரிகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒன்றாம் நம்பரில் மோட்டாருக்குக் கிடைப்பது 4 வோல்ட், ஓடுகிற மின்சாரம் 4 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 8 வோல்ட் ரெசிஸ்டரில் விழுகிறது. எட்டை நாலால் பெருக்கினால் 32 வாட். ரேடியோ ரிப்பேர்க்காரர் கையில் இருக்கும் சாலிடரிங் அயர்ன் அளவுக்குச் சூடு, பிளாஸ்டிக் பெட்டிக்கு நடுவே. அதனால்தான் அதை ப்ளோயர் காற்று அடிக்கிற பாதையிலேயே வைத்திருக்கிறார்கள். விசிறி தருகிற காற்றே அதைக் குளிர்விக்க வேண்டும். அச்சைத் தாங்குகிற புஷ் உலர்ந்து மோட்டார் இறுகத் தொடங்கினால் இரண்டு பக்கமும் இடி. அது இழுக்கிற மின்சாரம் கூடுகிறது, தருகிற காற்று குறைகிறது. சூடு எல்லை மீறும்போது ரெசிஸ்டரில் உள்ள தெர்மல் ஃப்யூஸ் தன்னை அறுத்துக்கொள்கிறது. ஒருமுறை அறுந்தால் அறுந்ததுதான், ஆறிய பிறகு திரும்ப ஒட்டாது.

இங்கேதான் நம் ஆட்களின் கைத்திறன் விளையாடும். அறுந்த இடத்தில் ஒரு துண்டு ஒயரை வைத்து சாலிடர் அடித்துவிட்டால் மூன்று வேகமும் திரும்ப வந்துவிடும். செலவு தேநீர்க் காசு. தயவுசெய்து செய்யாதீர்கள், யாரையும் செய்யவும் விடாதீர்கள். 2015-இல் பிரிட்டனில் வாக்ஸ்ஹால் ஸஃபீரா பி ரகக் கார்கள் டேஷ்போர்டுக்குள்ளிருந்து தீப்பிடித்து எரிந்த செய்திகள் அடுத்தடுத்து வந்தன. ஹீட்டர் ப்ளோயர் ரெசிஸ்டரின் தெர்மல் ஃப்யூஸை யாரோ முறைகேடாகப் பழுதுபார்த்ததே காரணம் என்றது நிறுவனம். 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்து வேலை பார்த்தது. அப்படியும் தீ நிற்கவில்லை. மோட்டாரில் ஈரம் இறங்கித் துருப்பிடித்து இறுகினாலும் இதே விபரீதம் நடக்கும் என்று 2016-இல் மறுபடியும் அழைத்தார்கள். நிறுவனம் மெத்தனமாக நடந்துகொண்டது என்று 2017-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் போக்குவரத்துக் குழு கண்டித்தது. ரெசிஸ்டர் எரிந்தால் ரெசிஸ்டரை மாற்றுங்கள். மாற்றிய புதிதும் எரிந்தால் மோட்டாரைச் சந்தேகப்படுங்கள்.

வங்கிக்காரர் காரில் காற்று நின்ற கதையும் இப்போது புரிந்துவிடும். மோட்டார் இறுகியது, ரெசிஸ்டர் அறுந்தது, அவர் நாலிலேயே ஓட்டினார். இறுகிய மோட்டார் எப்போதும் முழு வேகத்தில் ஓடி, கப்ளரையும் பொசுக்கிவிட்டுத் தானும் நின்றது.

சோதனைக்கு வருவோம். பேட்டரியை இன்னும் கழற்றாதீர்கள். முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். பிறகு இக்னிஷனைப் போட்டு, குமிழை நாலில் வைத்து, ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் மோட்டாரின் அடிப்பாகத்தை லேசாகத் தட்டுங்கள். தட்டியதும் சுற்ற ஆரம்பித்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது என்று எழுதிக் கையெழுத்தே போடலாம். சுற்றவில்லை என்றால் மோட்டாரின் கப்ளரை உருவி, இரண்டு பின்களிலும் பழைய ஹெட்லைட் பல்ப் ஒன்றை இணைத்துப் பாருங்கள். மல்டிமீட்டர் போதாதா என்றால், போதாது. பொசுங்கிய கப்ளரில்கூட மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கிற மின்சாரம் ஒன்றுமேயில்லை. 55 வாட் பல்ப் நாலரை ஆம்பியர் கேட்கும். ஒயரில் சத்து இல்லையென்றால் அது அழுது வடியும். பளிச்சென்று எரிந்தால் ஒயர் சரி, மோட்டார்தான் குற்றவாளி.

இனி 10-ஆம் நம்பர் ஸ்பேனரை எடுத்துப் பேட்டரியின் மைனஸைக் கழற்றலாம். குளோவ் பாக்ஸுக்கு மேலே ஏர்பேக் இருக்கிற காராக இருந்தால், கழற்றிய பிறகு சில நிமிடங்கள் பொறுத்துவிட்டே கை வைக்க வேண்டும். மஞ்சள் நிறக் கப்ளர் எங்கே தென்பட்டாலும் அது ஏர்பேக்குடையது, தொடக் கூடாது. இந்தியாவில் ஓட்டுநருக்கே ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில்தான், பக்கத்து சீட்டுக்கு அதற்கும் பிறகு. அதனால் பல பழைய கார்களில் இந்தக் கவலை இருக்காது.

குளோவ் பாக்ஸின் இரண்டு பக்கச் சுவர்களையும் உள்நோக்கி அமுக்கினால் தடுப்பு விலகிக் கீழே தொங்கும். செல்போன் டார்ச்சை அடித்தால் வட்டமான கறுப்பு மூடி தெரியும், அதுதான் மோட்டாரின் அடிப்பாகம். கப்ளர் ஒன்று, பெரும்பாலும் மூன்று ஸ்க்ரூ, சில கார்களில் பக்கவாட்டில் ஒரு சின்ன ரப்பர் குழாய். கடைசி ஸ்க்ரூவைத் திருகும்போது இன்னொரு கையால் மோட்டாரைத் தாங்கிக்கொள்ளுங்கள், வாயையும் மூடிக்கொள்ளுங்கள். பல வருடத்துக் குப்பை உங்கள் முகத்தில்தான் கொட்டும். டேஷ்போர்டையே இறக்கினால்தான் ப்ளோயர் கிடைக்கும் என்கிற கார்களும் உண்டு. அப்படிப்பட்ட கார் என்றால் இந்த வாரக் கட்டுரையை மடித்து வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

வங்கிக்காரரின் கார் நிற்பது புங்கமரத்தடியில். வைப்பருக்குக் கீழே உள்ள சல்லடை வழியாக இறங்கிய புங்கம்பூக்கள் விசிறியின் இறக்கைகளுக்கு நடுவே மக்கி, மண்ணாகி, ஒரு பக்கம் அப்பியிருந்தன. ஒரு பக்கம் மட்டும் பாரம் ஏறிய விசிறி ஆடிக்கொண்டே சுற்றும். அந்த ஆட்டம் புஷ்ஷைத் தின்னும். கையால் சுற்றிப் பார்த்தேன். நல்ல மோட்டார் வழுக்கிக்கொண்டு சுற்றி, உள்ளே இருக்கும் காந்தத்தால் ஆங்காங்கே லேசாகத் தயங்கி நிற்கும். இது விரலை விட்டதும் அதே இடத்தில் நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தால், பிரஷ் உரசுகிற செம்புப் பட்டைகளில் நகத்தை வைத்தால் மாட்டுகிற ஆழத்துக்குப் பள்ளம், சுற்றிலும் கரித்தூள். செம்பு வழவழப்பாக இருந்தால் ரிவைண்டிங் கடையில் பிரஷ் மட்டும் மாற்றி இன்னும் சில காலம் ஓட்டலாம். பள்ளம் விழுந்ததில் புது பிரஷ் போடுவது வீண்.

புதுசு வாங்கப் போகும்போது பழையதைத் துடைத்துக் கையோடு கொண்டுபோங்கள். ஜி.பி. ரோடு கடைகளில் "என்ன வண்டி சார், எந்த வருஷம், பெட்ரோலா டீசலா?" என்று மூச்சு விடாமல் கேட்பார்கள். நீங்கள் சொல்கிற பதிலைவிட நீங்கள் மேஜையில் வைக்கிற பழைய மோட்டார் தெளிவாகப் பேசும். ஸ்க்ரூ துளைகள், கப்ளரின் வடிவம், விசிறியின் உயரம், அகலம் எல்லாம் பொருந்த வேண்டும். ஒன்றை மட்டும் அங்கேயே பார்த்துவிடுங்கள்: சுற்றும் திசை. கடைக்காரரிடம் ஒரு பேட்டரி இருக்கும். தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். இந்த ரக விசிறி தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே பக்கம்தான் வரும், அளவு மட்டும் வெகுவாகக் குறைந்துவிடும். லோக்கல் மோட்டாரில் ஒயர் மாறியிருந்தால், புது மோட்டார் போட்டும் பழைய காற்றுதான். கோளாறு எங்கே என்று தெரியாமல் ஃபில்டரையும் காயிலையும் திட்டிக்கொண்டிருப்பீர்கள். விசிறியின் ஓரத்தில் குட்டி உலோகக் கிளிப் செருகியிருந்தால் பிடுங்கிவிடாதீர்கள். விசிறி ஆடாமல் சுற்ற அளந்து வைத்த எடை அது.

மாட்டுவதற்கு முன் அந்த ஓட்டைக்குள் கையை விட்டுச் சருகு, பூ, எலி சேர்த்த பஞ்சு எல்லாவற்றையும் வழித்தெடுங்கள். கேபின் ஃபில்டரையும் இப்போதே மாற்றுங்கள். ஃபில்டர் அடைத்தால் மோட்டார் திணறும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையில் காற்றோட்டம் குறைந்தால் இந்த விசிறி இழுக்கிற மின்சாரமும் குறையும். ஆனால் ரெசிஸ்டருக்குக் கிடைக்கும் காற்றும் குறைகிறது, பாதிப்பு அங்கே.

பொசுங்கிய கப்ளரில் புது மோட்டாரைச் செருகுவது வேலையைக் கெடுத்துக்கொள்வது. ஒயரோடு புதுக் கப்ளர் கிடைக்கும். வாங்கிச் சரியாக கிரிம்ப் செய்யுங்கள். முறுக்கி இன்சுலேஷன் டேப் ஒட்டுகிற வேலை இங்கே கூடாது, முழு வேகத்தில் 10 முதல் 20 ஆம்பியர் வரை ஓடுகிற இடம் இது. ரப்பர் குழாய் இருந்திருந்தால் திரும்ப மாட்ட மறந்துவிடாதீர்கள். மோட்டாரைக் குளிர்விக்கிற காற்று அதன் வழியாகத்தான் வருகிறது. அது இல்லாமலும் மோட்டார் ஓடும் என்பதால், மறந்தது தெரிவதற்குள் புதுசும் சூடேறிப் போய்விடும்.

குளோவ் பாக்ஸை மூடுவதற்கு முன்பே பேட்டரியை இணைத்து, ஒன்றிலிருந்து நாலு வரை ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். நாலில் பத்து நிமிடம் ஓடவிட்டு, கப்ளரைத் தொடுங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம். தொட முடியாத சூடு என்றால் பின் சரியாக உட்காரவில்லை. உருவி மறுபடி செருகுங்கள். வங்கிக்காரரின் காரில் ரெசிஸ்டர், மோட்டார், கப்ளர் மூன்றும் புதுசு. "ஒண்ணாம் நம்பர்லயே குளிருது தம்பி" என்று சொல்லிவிட்டு, காஸ் ஏற்றிய பில்லை எடுத்துக்கொண்டு ஒர்க் ஷாப்புக்குக் கிளம்பினார்.

(அடுத்த வாரம்: மழைக்கு முன்னால் வைப்பர் மோட்டார்)