சிற்றுருப் புகையிரத எஞ்சின்களும் வரிப்பட்டைகளும்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த அன்புவழிபுரத்திலும் அதன் அயலிலும் வாழ்வோர்க்குப் புகையிரதம் பழகிய காட்சியாகும். கல்லோயாச் சந்தியிற் கிளைத்து, கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா ஆகிய இடங்களைக் கடந்து வரும் இருப்புப்பாதை திருகோணமலையில் முடிவுறுகின்றது. தொலைவில் வரும் எஞ்சினின் இலக்கம் கண்ணுக்குப் புலப்படுமுன் அதன் நிறமும், பக்கங்களில் ஓடும் வரிப்பட்டைகளுமே புலப்படுகின்றன. அத்தகைய எஞ்சினை உள்ளங்கையில் அடங்கும் சிற்றுருவாக அமைக்க முற்படுவோர்க்கும் வரிப்பட்டையே தலையாய சோதனையாகின்றது. அஃது ஏன் என்பதும், அச்சோதனையில் வெற்றி பெறும் வழி யாது என்பதும் ஆராயத்தக்கன.

எஞ்சினுக்கு வரி தீட்டும் வழக்கம் பழையதாயினும், அதனைத் தனியொரு கலையாக உயர்த்திய காலம் 1930-களாகும். அமெரிக்காவின் பென்சில்வேனியா இருப்புப்பாதைக்குரிய ஜீ.ஜீ.1 என்னும் மின் எஞ்சினுக்கு றேமண்ட் லோவி என்னும் வடிவமைப்பாளர் ஐந்து பொன்னிறக் கோடுகளை வகுத்தார்; தறையாணிகள் துருத்தாதவாறு உடலை உருக்கியிணைத்து வழவழப்பாக்கும்படி கூறியவரும் அவரே. 1937-இல் சாந்தா பே இருப்புப்பாதையின் டீசல் எஞ்சின்களுக்குச் செந்நிறமும் வெள்ளி நிறமும் கூடிய கோலத்தை லீலண்ட் நிக்கர்பொக்கர் வரைந்தார். அந்நிறங்களின் எல்லையிலே மஞ்சளும் கறுப்புமான மெல்லிய வரிகள் ஓடின.

இலங்கையில் டீசல் எஞ்சின்கள் நெடும்பாதைகளிற் பெருகியது 1950-களிலாகும். கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா வழங்கிய எம் 2 வகை எஞ்சின்கள் 1954 முதல் இங்கு வந்தன. ஒன்ராறியோ, அல்பேட்டா, சஸ்காச்சுவான் முதலிய கனேடிய மாகாணப் பெயர்கள் அவற்றுக்குச் சூட்டப்பட்டன. இவை ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் ஜீ 12 என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. அதே குடும்பத்து எஞ்சின்கள் நியூசிலாந்திலே 1067 மில்லிமீற்றர் அகலப் பாதையிலும், ஹொங்கொங்கிலே 1435 மில்லிமீற்றர் அகலப் பாதையிலும், இலங்கையிலே 1676 மில்லிமீற்றர் அகலப் பாதையிலும் ஓடின. உடலமைப்பிற் பெரிதும் ஒத்த இவ்வுடன்பிறப்புகளை வேறுபடுத்திக் காட்டியது அவை அணிந்த வண்ணமே. ஆகவே, சிற்றுருவில் வரி பிழைத்தால் எஞ்சின் நாடு மாறிவிடும் என்பது மிகையன்று. உலகச் சந்தையிற் கிடைக்கும் சிற்றுருக்களிற் பெரும்பாலானவை அமெரிக்க, ஐரோப்பிய, யப்பானியப் பாதைகளுக்கு உரியவை. ஆதலால் இலங்கை எஞ்சினை விரும்புவோர் ஒத்த உடலொன்றைத் தெரிந்து, அதற்குத் தாமே நிறந்தீட்ட வேண்டியவராகின்றனர்.

இனி, அளவைகளை நோக்குவோம். எச்.ஓ. எனப்படும் அளவு 1:87. என் எனப்படும் அளவு 1:160. பதினான்கு மீற்றர் நீளமுள்ள எஞ்சின் முன்னதில் ஏறக்குறைய 16 சென்ரிமீற்றராகவும், பின்னதில் ஒன்பது சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாகவும் சுருங்கும். மூன்று அங்குல அகலப் பட்டை 1:160-இல் அரை மில்லிமீற்றரையும் எட்டாது. அவ்வளவிற் பட்டையைக் கால் மில்லிமீற்றர் விலக்கி ஒட்டினால், உண்மை எஞ்சினில் 40 மில்லிமீற்றர் விலகியதற்கு அஃது ஒப்பாகும். பூச்சின் தடிப்பும் அவ்வாறே பெருகித் தோன்றும்; 0.03 மில்லிமீற்றர்த் தடிப்பு ஏறக்குறைய ஐந்து மில்லிமீற்றருக்கு ஈடாகிக் கதவின் விளிம்பையும் காற்றுத்துளைகளையும் மூடிவிடும். சிற்றுருவிற் சிறு பிழை என்று ஒன்று இல்லை.

இக்காரணத்தால் தூரிகையினும் காற்றால் வண்ணத்தைத் தெளிக்கும் கருவியே சிறந்ததெனக் கொள்ளப்படுகின்றது. உடலைச் சவர்க்கார நீரிற் கழுவி எண்ணெய்ப்பசை நீக்கி, அடிப்பூச்சு இட்டபின், வெளிர்நிறத்தை முதலிலும் கருநிறத்தைப் பின்னரும் தெளித்தல் வேண்டும். மஞ்சளின்மேற் கருநீலம் நன்கு மூடும், கருநீலத்தின்மேல் மஞ்சள் மங்கிப்போகும். அகன்ற பட்டையாயின், மஞ்சள் உலர்ந்தபின் பட்டைக்குரிய இடத்தை ஒட்டுநாடாவால் மறைத்து, நாடாவின் விளிம்பில் அதே மஞ்சளை மெல்லியதாக மீண்டும் தெளிப்பர். நாடாவின் அடியிற் கசியக்கூடியது மஞ்சளேயாதலால், பின்வரும் நீலம் உட்புக வழியில்லை. விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் அமையும்.

அரை மில்லிமீற்றருக்குக் குறைந்த வரிகளுக்கும், இலக்கங்களுக்கும், பெயர்களுக்கும் டெக்கால் என்னும் ஒட்டுப்படலமே தகுந்தது. பசை பூசிய தாளின்மேல் மெல்லிய படலமும், அதன்மேல் அச்சிட்ட வரியும் அமைந்திருக்கும். நீரில் நனைத்தால் பசை கரைந்து படலம் வழுகி நகரும். இதனைச் சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியிலே காற்று தங்கி வெள்ளிபோல் ஒளிரும். ஆதலின் முதலிற் பளபளப்பான மேற்பூச்சு இன்றியமையாதது. நீண்ட வரியை ஒரே துண்டாக ஒட்டாது, கதவு, மூலை முதலிய இயல்பான எல்லைகளில் வெட்டி, சாவணத்தாற் பிடித்து நனைந்த தூரிகையால் நகர்த்துவர். படலத்தை மென்மையாக்கும் திரவம் அதனை மேடு பள்ளங்களிற் படியச் செய்யும். அவ்வேளையிற் படலம் சுருங்கித் தோன்றினும் தொடலாகாது. உலர்கையில் தானே சமனாகும். ஈற்றில் மங்கலான மேற்பூச்சிட்டால் பூச்சும் படலமும் ஒன்றாகத் தோன்றும்.

திருகோணமலையின் தட்பவெப்பமும் இங்கு கருதத்தக்கது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தெளித்த துளி பரப்பை அடையுமுன்னே காய்ந்து, மணல் தூவியதுபோற் படியும். வாடைக்கால மழைநாட்களிலோ, விரைந்து ஆவியாகும் பூச்சு தன்னைச் சூழ்ந்த காற்றைக் குளிர்வித்து ஈரத்தை ஈர்த்து வெண்மை பூக்கும். முன்னதற்கு மெதுவாக உலரச் செய்யும் கரைப்பானும் காலைப் பொழுதும் உதவும். பின்னதற்கு மழை ஓய்ந்த நாள்வரை காத்திருத்தலே தகும். கரைப்பானின் ஆவி நுரையீரலுக்குத் தீங்கானது ஆதலால், காற்றோட்டமுள்ள இடமும் முகமூடியும் எக்காலத்தும் வேண்டப்படுவன.

இவ்வளவு உழைப்பும் விளையாட்டுப் பொருளொன்றுக்காகவோ எனின், அன்று. எஞ்சின்கள் காலந்தோறும் புதுவண்ணம் பெறுகின்றன, பழுதுற்றவை உடைக்கப்படுகின்றன. அக்காலத்துக் கறுப்பு வெள்ளை நிழற்படங்கள் பட்டை ஓடிய இடத்தைக் காட்டுமேயன்றி அதன் நிறத்தைக் காட்டா. நிறத்தை அறிந்தவர் அவ்வெஞ்சின்களைக் கண்ட முதியோரும், அவற்றிற் பணியாற்றிய தொழிலாளருமேயாவர். அவர்களிடம் கேட்டு, எந்த ஆண்டின் தோற்றம் எனக் குறித்து அமைக்கப்படும் சிற்றுரு ஒரு சான்றாக நிலைபெறும். கேளாது ஊகித்துத் தீட்டியதோ, எத்துணை அழகிதாயினும், பின்வருவோரைப் பிழையை நம்பச் செய்யும். கையின் நுட்பத்துக்கு முன்னே உண்மையைத் தேடும் பொறுமை வேண்டும் என்பதே இக்கலை கற்பிக்கும் பாடமாகும்.