பின்னால் இரண்டா, நான்கா?

சென்ற தீபாவளிக்குப் பிறகு நம் சங்கத்து நண்பர்கள் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "அண்ணே, பிக்கப் வண்டிக்குப் பின்னால் இன்னும் இரண்டு டயர் போட்டுவிட்டால் லோடு கூடுதலாக ஏற்றலாம் இல்லையா?" சுரங்கத்து வண்டிப் பட்டறையில் காலம் தள்ளியவன் என்பதால் என்னிடம் வருகிறார்கள். மூவருக்கும் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன்.

கேள்வியின் பின்னால் வயிற்றுப்பாடு இருக்கிறது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பின் நம் தங்கவயல் பிள்ளைகள் பலர் பெங்களூர் ரயிலைப் பிடித்தார்கள். சிலர் கடன் வாங்கி வண்டி எடுத்தார்கள். கோலார் மண்டியில் தக்காளி ஏற்றிச் சென்னைக்கு ஓட்டுபவனுக்கு, டீசலும் தவணையும் போகக் கையில் நிற்பது கொஞ்சம்தான். அதே நடையில் இன்னும் இருபது பெட்டி ஏற்றினால் என்ன என்று நினைப்பது இயல்பு.

முதலில் டயர் கணக்கு. நான்கு டயர் என்றால் இரண்டு மடங்கு தாங்கும் என்று நினைக்கிறோம். டயரின் பக்கவாட்டில் 122/118 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். 122 என்றால் அந்த டயர் தனியாக ஓடும்போது 1500 கிலோ தாங்கும். 118 என்றால் ஜோடியில் ஓடும்போது 1320 கிலோதான். சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருப்பதால் ஜோடியில் ஒன்றின் மேல் எப்போதும் பாரம் கூடும். உள்டயருக்குக் காற்றோட்டமும் குறைவு. ஆகவே இரண்டு டயருக்கு 3000 என்றால், நான்குக்கு 6000 அல்ல, 5280 கிலோ.

சரி, அதுவும் லாபம்தானே என்பீர்கள். டயர் தாங்கும், ஆக்சில் தாங்குமா?

வண்டியின் பின்சக்கர நடுவை உற்றுப் பாருங்கள். லாரி, 407 போன்ற வண்டிகளில் அங்கே வட்டத் தகடு ஒன்று துருத்திக்கொண்டு, சுற்றிலும் போல்ட் முடுக்கியிருக்கும். அதில் பாரம் முழுவதையும் வெளிக்கூடான ஹவுசிங் இரண்டு பேரிங்குகளின் வழியே சுமக்கிறது. உள்ளே இருக்கும் ஷாஃப்ட்டுக்குச் சக்கரத்தைச் சுழற்றுவது மட்டுமே வேலை. அது முறிந்தாலும் சக்கரம் இடத்தைவிட்டுப் போகாது. சிறிய பிக்கப் பலவற்றில் இந்த அமைப்பு கிடையாது. அங்கே ஷாஃப்ட் சுழற்றவும் வேண்டும், சுமக்கவும் வேண்டும். முறிந்தால் சக்கரம் தனியே கழன்று ஓடும்.

அதில் இடைத்தகடு வைத்து, நீளமான ஸ்டட் அடித்து, இன்னொரு சக்கரத்தை வெளியே மாட்டுகிறார்கள். உள்ளே தள்ளி மாட்ட முடியாது, ஸ்பிரிங் பட்டையில் உரசும். வெளியே தள்ளத் தள்ள பேரிங்கின் மேல் நெம்புகோல் போல விசை ஏறும். குடத்தை இடுப்பில் வைத்துச் சுமப்பதற்கும், கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். தொழிற்சாலையிலேயே நான்கு டயராகச் செய்யும்போது சக்கரத் தகடுகளை ஆழமாகக் குழித்து, முதுகோடு முதுகு சேர்த்து மாட்டுகிறார்கள். பாரத்தின் நடுக்கோடு பேரிங்கை ஒட்டியே விழும்.

அப்புறம் பிரேக். வி.கோட்டா தாண்டிப் பேரணாம்பட்டுக்கு மலை இறங்குகிறவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டாம். டயர் கூடினாலும் டிரம் பழையதுதான்.

அமெரிக்காவில் நான்கு பின்சக்கர பிக்கப் ஏராளம். ஆனால் அவை தனி ஆக்சிலோடு தொழிற்சாலையிலிருந்தே வருபவை. அங்கேயும் சிலர் பிறகு மாற்றுகிறார்கள். வண்டி ஆடாமல் நிற்க அது உதவும், ஆனால் கதவோரத்தில் கம்பெனி ஒட்டிய எடைச் சீட்டு மாறாது.

நம் ஊரில் சட்டம் இன்னும் கடுமை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, கம்பெனி குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆர்.சி. புத்தகத்து எடையைத் தாண்டினால் 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2000 ரூபாயும். எத்தனை டயர் என்று எடைமேடை கேட்காது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்களுக்கு முதல் சாக்கும் அதுவே.

என் யோசனை இதுதான். லோடு நிரந்தரமாக இருக்கிறதென்றால் பிக்கப்பை விற்றுவிட்டு, பிறக்கும்போதே நான்கு பின்டயரோடு வந்த பழைய வண்டி ஒன்றைப் பாருங்கள். டாடா 407 1986 முதல் ஓடுகிறது, உதிரி பாகத்துக்கும் மெக்கானிக்குக்கும் அலைய வேண்டாம். மொத்த எடை 7500 கிலோவுக்குள் இருந்தால் சாதாரண லைட் லைசென்சே போதும் என்று 2024 நவம்பரில் தீர்ப்பும் வந்துவிட்டது.

வாங்கும்போது ஜோடி டயர்களை அளந்து பாருங்கள். விட்டத்தில் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பெரியது பாரத்தைச் சுமக்கும், சின்னது தேய்ந்துகொண்டே போகும். இரண்டுக்கும் நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்றும் குனிந்து பார்க்க வேண்டும். உள்டயரில் காற்று இறங்கினால் வெளியே தெரியாது. லாரி டிரைவர்கள் டீக்கடையில் இறங்கியதும் இரும்புக் கம்பியால் டயரைத் தட்டிப் பார்ப்பது அதற்காகத்தான். கம்பி துள்ளினால் காற்று இருக்கிறது. தொப்பென்று விழுந்தால் டீயைக் குடித்துவிட்டு ஜாக்கியை எடுங்கள்.